சமையலறைச் சுவரில் தொங்கும் கம்பி

வில்லோ பெண்ட்
மார்ச் 3

அன்புள்ள மகன் ஓரெஸ்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் ஸுஸானாவும் குட்டி மீலாவும் சளி இருமல் அண்டாமல் இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன், அப்படி இல்லையென்றால் என்னிடம் மறைக்க வேண்டாம். மூன்று வாரமாகக் குளிர் மைனஸ் முப்பதை விட்டு மேலே ஏறவே மாட்டேன் என்கிறது. கார் எஞ்சினுக்குச் சூடேற்றும் வயரைச் சொருக மறந்தால் காலையில் அது பிணம்தான். ஐஸில் கல் தள்ளுகிற கர்லிங்கில் எங்கள் அணி பாதிரியார் அணியிடம் தோற்றுப்போனது, ஜெபம் சொல்கிற மனிதர் கல்லை என்னமாய்த் தள்ளுகிறார் என்கிறாய். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து இருபது டஜன் பெரோகிக் கொழுக்கட்டை பிடித்து ஃப்ரீசரில் போட்டிருக்கிறேன், அது யாருக்கு என்று கடைசியில் சொல்கிறேன். போனில் பேசினால் போதாதா, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று ஸுஸானா சிரிப்பாள். போனில் நான் கத்துவேன், நீ சரிம்மா சரிம்மா என்பாய், அவ்வளவுதான் நடக்கும். இது கத்தித் தீர்க்கிற விஷயம் இல்லை ராசா. உட்கார்ந்து படி, நடுவில் எழுந்து போகாதே.

உன் ஐஸ் ஹாக்கி க்ளப் அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கவில்லை என்று சொன்னாய். அதற்காக முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்காராதே. முப்பத்துநாலு வயதுத் தடுப்பாட்டக்காரனை எவன் வைத்துக்கொள்வான்? கோல் போடுகிறவன் பெயரை ஊரே கத்தும், கோல் விழாமல் தடுத்தவன் பெயரை அவனைப் பெற்றவள்தான் கத்த வேண்டும். நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். பத்தொன்பது வயதில் கழுத்து உடைந்து, ஒன்றரை வருஷம் கிடந்து எழுந்து, பஸ்ஸிலேயே தின்று பஸ்ஸிலேயே தூங்குகிற சின்ன லீக்குகளில் அலைந்து, இருபத்தாறு வயதில் ஒருவழியாகப் பெரிய லீக்கில் நாற்பத்தொரு ஆட்டம் ஆடினாயே, அந்த நாற்பத்தொன்றையும் நான் டிவி முன்னால் நின்றுகொண்டுதான் பார்த்தேன். ஒரு கோலும் நீ போடவில்லை, போடாவிட்டால் போகிறது. எதிராளி அடித்த வட்டுக்கு முன்னால் எத்தனை தரம் விழுந்து படுத்தாய், மூன்று பல் போனது, தாடை போனது, இடது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது. நாற்பத்திரண்டாவது ஆட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அப்புறம் மறுபடி சின்ன லீக், அப்புறம் ஆஸ்திரியா, இப்போது ஸ்லோவாக்கியாவில் ஏதோ மலையடியில். இத்தனைக்கும் நடுவில் என் வயிற்றில் ஒரே பெயர்தான் எரிந்துகொண்டிருந்தது என்று உனக்குத் தெரியும். கர்ட் ஃபென்ஸ்கே. அந்தப் படுபாவி மட்டும் அன்றைக்கு உன்னைப் பின்னாலிருந்து அடிக்காமல் இருந்திருந்தால் நாற்பத்தொன்று நானூறு ஆகியிருக்கும் என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

அன்றைக்கு நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும், கழுத்துக்குப் பலகை கட்டி உன்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அரையிறுதியின் ஏழாவது ஆட்டம், நம் அரங்கம், எதிரே கிம்பர்ட் ஊர் அணி. இரண்டுக்கு இரண்டு என்று நின்று கூடுதல் நேரத்துக்குப் போனது. அரங்கத்தில் ஐஸ் போடுகிறவராயிற்றே உன் அப்பா, வண்டியை ஓட்டி ஐஸைச் சீவி, தண்ணீர் தெளித்து, வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். கூடுதல் நேரம் தொடங்கி மூன்றாவது நிமிஷம். வட்டு மூலைக்குப் போனது, நீ அதை எடுக்கத் திரும்பினாய், உன் முதுகு அவனுக்குத் தெரிந்தது, முதுகைப் பார்த்தபிறகும் அந்த ஃபென்ஸ்கே நிற்கவில்லை. வண்டி உள்ளே வெளியே போகிற இரட்டைக் கதவில்தான் உன்னைக் கொண்டுபோய் மோதினான். கதவு திறந்துகொண்டு, நீ கதவோடு போய், மற்ற கதவின் இரும்பு விளிம்பில் கழுத்து அடித்து விழுந்தாய். அவன் அடித்த அடியில், கதவு திறக்காமல் இருக்கப் போடுகிற குறுக்குக் கம்பியே வளைந்து தெறித்துவிட்டது என்று உன் அப்பா சொன்னார், மூன்றாம் நாள் விசாரணைக்கு வந்தவர்களிடம் வளைந்த கம்பியைக் காட்டவும் செய்தார். விரல் பருமன் இல்லை, என் மணிக்கட்டுப் பருமன் இரும்பு. ஃபென்ஸ்கேயைப் பன்னிரண்டு ஆட்டம் வெளியே உட்கார வைத்தார்கள். கதவுடைச்சான் என்று அவனுக்குப் பெயரே விழுந்தது. எனக்கு அது போதவில்லை. அந்தக் கம்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டுவந்து, சமையலறையில் அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டினேன். தினமும் போர்ஷ்ட் சூப் கொதிக்கும்போது அதைப் பார்ப்பேன், கோபம் ஆறவே ஆறாது.

உனக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. ஆட்டம் முடிந்தது, நம் பையன்கள்தான் ஜெயித்தார்கள். தொடர் முடிந்தால் இரண்டு அணியும் வரிசையாக நின்று கைகுலுக்குவது உலக வழக்கம், பல்லை உடைத்தவனோடும் கைகுலுக்கிவிட்டுத்தான் போவார்கள். அன்றைக்கு ஃபென்ஸ்கே வரிசையில் வந்தான், ஆட்டத்தை விட்டு அனுப்பியவனை வரச்சொன்னது யாரோ தெரியாது, வந்தான். கையுறையைக் கழற்றி வெறுங்கையை நீட்டினான். நம் பையன் ஒவ்வொருவனும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பத்தொன்பது பேர். நீட்டிய கையோடு கடைசிவரை அவன் நடந்து போனான், யாரும் தொடவில்லை. மேலே படிக்கட்டில் நின்று நான் கைதட்டினேன். இன்றுவரை நான் மனதுக்குள் ஓட்டி ஓட்டிச் சந்தோஷப்பட்ட காட்சி அதுதான்.

அப்புறம் நாலு வருஷத்துக்கு முன்னால், எல்லையைத் தாண்டி அந்த அமெரிக்க ஊரில், அவன் எதிரணியில் வந்து மாட்டினான். அவனை மோதி விழுத்திவிட்டு நீ போன் பண்ணினாய். நான் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா, முன்னாலயா பின்னாலயா என்று. "முன்னாலதாம்மா, தோளால நெஞ்சில, சுத்தமா. அவன் ஸ்கேட் ஐஸ்ல சிக்கிடுச்சு, முட்டி போச்சு" என்றாய். உன் குரல் நன்றாக இல்லை. நான் அதைக் கவனிக்கவில்லை, என் குரல்தான் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. தெய்வம் நின்று கொல்லும் என்றேன். தேன் கேக் மூன்று செய்து கர்லிங் க்ளப்புக்கு, சர்ச்சுக்கு, தபால் ஆபீசுக்கு என்று ஊருக்கெல்லாம் துண்டு போட்டேன். முப்பத்தொரு வயதில் அவனுடைய ஆட்டம் முடிந்ததற்கு நான் கேக் வெட்டினேன். உன் அப்பா ஒரு துண்டு தொடவில்லை. தேன் கேக் என்றால் தட்டையும் நக்குகிற மனிதர், வயிறு சரியில்லை என்று எழுந்து போனார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அப்பா செத்தபோது அந்த ஃபென்ஸ்கே நொண்டிக்கொண்டு சர்ச் வாசலுக்கு வந்தான், நீ உள்ளே பெட்டியருகே நின்றாய். எந்த மூஞ்சியோடு வந்தாய் என்று கேட்டு வாசலோடு திருப்பி அனுப்பினேன். அதையும் உனக்கு நான் சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் அணிக்கு அவனைத் தலைமைக் கோச்சாக எடுத்திருக்கிறார்கள், தடுப்பாட்டக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உன்னைக் கேட்டார்கள். நீயும் ஸுஸானாவும் வர ஆசையாகத்தான் இருந்தீர்கள், வீடு வரைக்கும் பார்க்கச் சொன்னாய். அவன் பெயரைக் கேட்டதும் கமிட்டித் தலைவி டார்லீனுக்குப் போன் போட்டு, "அவன் நிக்கிற பெஞ்சில நான் நிக்க மாட்டேன், வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவன் என்று மளிகைக்கடையில் நின்று சொன்னேன். டார்லீன் என்னிடம் வந்து அழாத குறையாக, "லேசியாக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் கேப்பான், ஏப்ரல் பாதிக்குள்ள முடிவு சொல்லணும்" என்றாள். சொல்ல வாய் வராது என்றேன். "அப்ப வர்ற சனிக்கிழமையாவது வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க, அரங்கத்துக்கு ஐம்பது வருஷ விழா, அவருதான் விருந்தாளி, உங்க பக்கத்து சீட்டுல உக்காரணும்" என்றாள். நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, விழா நாளில் விருந்தாளியை ஐஸ் சீவும் வண்டியில் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஏற்றி, இடைவேளையில் ஐஸைச் சுற்றி வந்து கைகாட்ட வைப்பார்கள். அப்பாவுக்குப் பிறகு வண்டி ஓட்டுகிறவள் நான். கடவுளாகப் பார்த்து அவனை என் கையில் கொண்டுவந்து உட்கார வைக்கிறார் என்று நினைத்தேன். சரி என்று இனிக்க இனிக்கத் தலையாட்டினேன், டார்லீனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் போட்ட திட்டத்தைக் கேள். இரண்டாவது சுற்றில், நீ விழுந்த அந்தக் கதவுக்கு எதிரே, ஐஸின் நடுவில் வண்டியை நிறுத்துவது. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்து போய்விடுவது. எனக்குப் பூட்ஸில் ஆணி உண்டு, அவனுக்கு விழாவுக்குப் போட்டுவந்த தோல் ஷூ. வண்டியின் படி இடுப்பு உயரம், அவன் முட்டியோ என் மகன் தந்த முட்டி. ஈர ஐஸில் தனியாக இறங்கி, ஆயிரம் பேர் பார்க்க, விழுந்து எழுந்து போகட்டும், பத்தொன்பது பேர் கையைத் தொடாத அன்றைக்கு நடந்த மாதிரி இன்னொரு நடை நடக்கட்டும். ஒரு வாரம் இதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். பெரோகி மாவு பிசையும்போதுகூடச் சிரிப்பு.

சனிக்கிழமை வந்தான். கோட்டு, டை, தலை பாதி நரைத்திருக்கிறது. "வணக்கம்மா" என்றான். நான் ஏறுங்க என்றேன். ஏற முடியாமல் ஏறினான், கை கொடுக்கவில்லை. முதல் சுற்றில் ஜனம் கைதட்டியது, அவன் கைகாட்டினான், நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். இரண்டாவது சுற்றில் சரியாக அந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர்க் குழாயை முதலில் அடைத்துவிட்டுத்தான் நிறுத்தினேன், என் கோபம் என்னோடு, ஐஸ் என்ன பாவம் செய்தது. சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். இறங்கி நின்று, இத்தனை வருஷமாக மனப்பாடம் செய்து வைத்ததைச் சொன்னேன். இதோ இந்தக் கதவு, இதில்தான் என் மகனை அடித்தாய், நீ வளைத்த கம்பி என் அடுப்புக்கு மேலே தொங்குகிறது, ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போ, இரும்பையே வளைத்த கை எதுவென்று ஊருக்குக் காட்டு என்றேன். அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "கம்பி வளைஞ்சுதா? அது எப்படி வளையும்? அது சுவத்துல சாஞ்சில்ல நின்னுச்சு" என்றான். சொன்ன மறுகணமே அவன் முகம் மாறிவிட்டது. வாயைக் கையால் மூடிக்கொண்டான். "நான் எதையோ நெனச்சுக்கிட்டு உளறிட்டேன், விடுங்கம்மா, நீங்க போங்க, நான் இறங்கி நடந்துக்கறேன்" என்றான்.

ஐஸ் நடுவில் சாவியோடு நான் நிற்கிறேன், ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். வண்டி கெட்டுப்போச்சு என்று நினைத்து மேலேயிருந்து ஒருவன், "லேசியாக்கா, பின்னால போய்த் தள்ளுங்க" என்று கத்தினான், கூட்டம் சிரித்தது. பாதி ஐஸ் ஈரம், பாதி ஐஸ் காய்ந்து கிடக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. மறுபடி ஏறி, சாவியைப் போட்டு, மிச்சத்தைச் சுற்றி முடித்தேன். அவன் கைகாட்டவில்லை. கதவு வழியாக வெளியே வந்து நிறுத்தியதும், நான் இறங்குவதற்குள் அவன் தட்டுத்தடுமாறி இறங்கி, நொண்டிக்கொண்டு போய், கதவு இரண்டையும் சேர்த்து, கம்பியை எடுத்துக் குறுக்கே போட்டான். போட்டுவிட்டு ஆட்டிப் பார்த்தான். விருந்தாளி செய்கிற வேலையா அது.

வண்டி அறையில் அவனைச் சுவரோடு நிறுத்தி, உண்மையைச் சொல்லாமல் இங்கிருந்து போக முடியாது என்றேன். முதலில் மழுப்பினான். அப்புறம் சொன்னான், அவன் சொன்னபடியே எழுதுகிறேன். "நான் பின்னால இருந்து அடிச்சது அடிச்சதுதாம்மா. முதுகு தெரிஞ்சுது, நிறுத்தல. அதுக்கு என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா கம்பி போட்ட கதவு மேல மோதினா மனுஷன் திரும்பி வந்து விழுவான், கதவோட போக மாட்டான். நான் ஐஸ்ல கெடந்தப்ப பாத்தேன், கம்பி சுவத்தோரமா நேரா நின்னுக்கிட்டிருந்துச்சு. போடவே இல்ல. உங்க வீட்டுக்காரர் ஓடி வந்தாரு, முதல்ல கம்பியைப் பாத்தாரு, அப்புறம் மகனைப் பாத்தாரு, அப்புறம் என்னைப் பாத்தாரு." பிறகு ஏன் விசாரணையில் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "எங்கப்பாவும் கிம்பர்ட்ல ஐஸ் போட்டவர்தான். எங்களுக்கெல்லாம் கம்பின்னா உயிரு. அதை மறந்துட்டாருன்னு சொன்னா அந்த மனுஷனுக்கு வேலை போயிருக்கும், மகன் முகத்துல முழிக்க முடிஞ்சிருக்காது. எனக்கு எப்படியும் கெட்ட பேர்தான், கொஞ்சம் கூடத்தான் இருக்கட்டுமேன்னு விட்டுட்டேன். அப்ப இருபது வயசு, இவ்வளவு நாள் ஒட்டிக்கும்னு தெரியல" என்றான். ஆள் எடுப்பதற்காக அன்றைக்கு உன்னைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த பெரிய லீக் அணிக்காரர் அவனையும்தான் பார்க்க வந்திருந்தாராம். கதவுடைச்சானை அப்புறம் எவனும் பார்க்கவில்லை. என் மகனுக்குத் தெரியுமா என்றேன். "தெரிய வேணாம்மா, என் முட்டியைப் பத்தி அவனுக்கு ஏற்கெனவே தூக்கம் இல்லன்னு கேள்விப்பட்டேன்" என்றான்.

நான் நம்பவில்லை. நொண்டி வந்து கதை கட்டுகிறான் என்றுதான் வீட்டுக்கு வந்தேன். நாற்காலி போட்டு ஏறி அந்தக் கம்பியைக் கழற்றி, மேசையில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன் ஓரெஸ்ட். இத்தனை வருஷம் துடைத்திருக்கிறேன், எண்ணெய் போட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. வளைவுக்குக் கொஞ்சம் கீழே இரண்டு பக்கமும் சதுரம் சதுரமாகப் பல் பதிந்த தடம். கதவின் கொக்கி பதித்த தடம் என்றுதான் நினைத்திருந்தேன். கம்பியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போய், அப்பா இரும்பை இறுக்கிப் பிடிக்க வைத்திருந்த வைஸில் வைத்துப் பார்த்தேன். வைஸின் ஒரு தாடையில் மூலை உடைந்திருக்குமே, ஏழு வயதில் நீ சுத்தியலால் அடித்து உடைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டாயே, அந்த மூலை. கம்பியில் அந்த மூலை இருக்க வேண்டிய இடத்தில் தடம் இல்லை. அச்சு மாதிரி பொருந்திவிட்டது. நான் சாஸ்கடூன் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, இந்த மனிதர் இங்கே நேரான கம்பியை வைஸில் பிடித்து வளைத்திருக்கிறார். வேறு யாராலும் செய்ய முடியாது, அந்த ஷெட் சாவி அவர் பாக்கெட்டை விட்டு வந்ததே இல்லை.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த வருஷத்திலிருந்து கம்பியைப் போட்டதும் பூட்ஸ் காலால் அதை இரண்டு உதை உதைப்பாரே, எத்தனை ஆட்டம், எத்தனை இடைவேளை, ஒரு தரம்கூட விட்டதில்லை, வயசான கிறுக்கு என்று நான் கேலி செய்வேன், நானும் அவரைப் பார்த்து அப்படியே உதைக்கப் பழகிவிட்டேன். கேக்கைத் தொடாதது ஞாபகம் வந்தது. என்னையும் உன்னையும் இத்தனை வருஷம் ஒருவன்மேல் ஏவிவிட்டுத் தான் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் நேரே கல்லறைக்குப் போனேன். முழங்கால் அளவு பனி. பூ எதுவும் எடுத்துப்போகவில்லை. யோவ் வாசில், வெளியே வா, உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது என்று ஆரம்பித்து, கல்யாணமானதிலிருந்து அவரை நான் சொல்லாத வார்த்தையெல்லாம் சொன்னேன். கல்லுக்கும் பூட்ஸ் காலால் இரண்டு உதை விட்டேன். பக்கத்துக் கல்லைப் பார்க்க வந்திருந்த கிழவர் குல்லாயைக் கழற்றிக்கொண்டு ஓரமாகப் போய்விட்டார். அழுகை அப்புறம்தான் வந்தது.

ஏன் வந்தது என்று சொல்கிறேன், இதை மட்டும் சொல்லாமல் விட்டால் நானும் உன் அப்பா செய்ததையே செய்தவள் ஆவேன். அன்றைக்கு அவர் வண்டியை வெளியே கொண்டுவந்து நிறுத்தியபோது, அந்தப் பெரிய அணிக்காரர் மேலே என் பக்கத்தில் வந்து நின்று, தடுப்பாட்டப் பையனோட அப்பா எங்கே, ஒரு கை குலுக்கணும் என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கைப்பிடிச் சுவரில் எட்டிக் கீழே பார்த்துக் கத்தினேன். "என்னங்க, எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு ஓடி வாங்க, சீக்கிரம்" என்றேன். அவர் கையில் ஏதோ வைத்திருந்தார். அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, படியேறி ஓடி வந்தார். அந்தப் பெரிய மனிதரோடு அவர் கைகுலுக்கியதை எத்தனை கடிதத்தில் உனக்குப் பெருமையாக எழுதியிருக்கிறேன். அவர் கையில் என்ன வைத்திருந்தார் என்று ஒரு நாளும் நான் யோசிக்கவில்லை. அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. கூப்பிட்டவள் நீதானே என்று ஒரு சண்டையில்கூட அந்த மனிதர் வாய்விட்டதில்லை.

ஆகவே இப்போது கேள். ஃபென்ஸ்கேயை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, நான் அவ்வளவு நல்லவள் இல்லை. பின்னாலிருந்து அடித்தான், அதற்கு என்னிடம் ஒரு அறை பாக்கி இருக்கிறது, அவனிடமே சொல்லிவிட்டேன், வாங்கிக்கறேன்மா என்றான். ஆனால் கழுத்து அவன் கணக்கில் இல்லை. அவன் முட்டிக்கு நீ தூக்கத்தைத் தொலைத்தாயே, அதற்கும் உன்னை ஏவியவள் நான். பழி வாங்கியே தீருவேன் என்று இத்தனை வருஷம் பல்லைக் கடித்தேனே, இன்னும் தீரவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. முதலில் இந்த ஊரை ஒரு கை பார்க்கப் போகிறேன். அன்றைக்குக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்ட பத்தொன்பது பேரும் இங்கேதான் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறார்கள், தொப்பையும் கடனும் வைத்துக்கொண்டு. ஒவ்வொருவனுக்கும் நானே போன் போட்டேன், கம்பி விஷயத்தையும், கூப்பிட்டது யார் என்பதையும் என் வாயாலேயே சொன்னேன். இரண்டு பேர் நம்பவில்லை, வீட்டுக்கு வரவழைத்து வைஸில் வைத்துக் காட்டினேன். ஒருவன், "இத்தனை வருஷத்துக்கப்புறம் எதுக்குக்கா இதைக் கெளர்றீங்க" என்றான். வராவிட்டால் உன் மகளுக்கு என் அரங்கத்தில் ஐஸ் கிடையாது என்றேன், வருகிறேன் என்றுவிட்டான். சீசன் முடிந்து ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி ஐஸை உருக்க வேண்டும் என்பது கமிட்டி முடிவு. டார்லீனிடம் சண்டைபோட்டு இரண்டு நாள் தள்ளி வைத்திருக்கிறேன். பதின்மூன்றாம் தேதி மதியம் இரண்டு மணிக்கு எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். அந்தப் பெரோகி இருபது டஜனும் அவர்களுக்குத்தான், கைகுலுக்காதவனுக்கு ஒன்றுகூடக் கிடையாது. வரிசையின் முதலில் நான் நிற்பேன், அறைக்கு அறை, கைக்குக் கை. கடைசி இடம் காலியாக இருக்கும். அது அன்றைக்கும் காலியாகத்தான் இருந்தது, நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய்.

வந்தாக வேண்டும் என்று நான் கட்டளை போடவில்லை. இத்தனை வருஷம் போட்ட கட்டளை போதும். வராவிட்டால் பதினாலாம் தேதி ஐஸை உருக்கிவிட்டு, டார்லீனிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்கிறேன், உன்மேல் ஒரு வருத்தமும் வைக்கமாட்டேன். கோபம் என்மேல் இருந்தால் வந்து நேரில் கத்து, முன்னாலிருந்து, சுத்தமாக. ஸுஸானாவிடம் இதை முழுவதும் படித்துச் சொல், எதையும் விடாதே. தோளுக்குச் சூடு வைக்க மறக்காதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே, மீலாவுக்கு ஸ்கேட் வாங்கும்போது ஒரு அளவு பெரிதாக வாங்கு. கடவுள் உங்கள் மூன்று பேரையும் எலும்பு முறியாமல், மனம் முறியாமல் காக்கட்டும். கம்பியை வைஸில் வைத்து நேராக்கப் பார்த்தேன், வரவில்லை, ஒரு தரம் வளைத்த இரும்பு அப்படித்தான். பழையபடி அடுப்புக்கு மேலே மாட்டிவிட்டேன். அவனுக்காகத் தொங்கியது இதுவரை. இனி எனக்காகத் தொங்கட்டும்.

உன்னைக் கத்திக் கத்தியே வளர்த்த,
அம்மா லேசியா